எங்கள் வாசலில் நின்றுபோன பாட்டு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். என் மனைவி சொல்லித்தான் அது எனக்கே தெரியும். மலாக்கா துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. ஆனால் காஜா பெராங் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்களைக் கேட்டால், பாட்டு எழுதுகிறவர் என்றுதான் சொல்வார்கள். டிசம்பரில் வீடு வீடாகப் போகும் பாட்டுக் குழுவுக்கு வருஷம் ஒரு புதுப் பாட்டு எழுதிக் கொடுப்பேன். எழுதியதை என் மனைவி அடுப்படியில் நின்று பாடிப் பார்ப்பாள். வரி நீண்டுவிட்டால் கரண்டியை ஆட்டுவாள்.

"கவிராயரே, மூச்சு முட்டுது. வெட்டுங்க."

முறைத்துக்கொண்டே வெட்டுவேன். வெட்டிய பிறகுதான் அது பாட்டாகும்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம், அதற்கு ஒரு மாதம் முன்னால், காய்ச்சலில் போய்விட்டாள். ஊரே கொடி கட்டிக்கொண்டிருந்தது. நான் கல்லறைக்குச் சுண்ணாம்பு பூச ஆள் தேடிக்கொண்டிருந்தேன். கடவுள்மேல் அப்படியொரு ஆத்திரம். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் சண்டைதான் வந்தது.

நவம்பர் கடைசியில், பாட்டுக் குழுவை நடத்தும் உபதேசியார் வந்து, தயங்கித் தயங்கிப் பாட்டைக் கேட்டார்.

"இனிமே என்கிட்ட பாட்டு இல்ல. கேட்டுக்கிட்டு வராதீங்க," என்றேன்.

"சரிண்ணே. துக்க வருஷம். வீட்டுக்கும் வரல. போன வருஷப் பாட்டையே பாடிக்கிறோம்."

துக்க வீட்டில் நட்சத்திரம் தொங்கவிடுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை, அந்த வாசலில் நின்று யாரும் பாடுவதில்லை. இது எங்கள் ஆட்களின் மரியாதை. எனக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது. என் எட்டு வயது மகளுக்குத்தான் பிடிபடவில்லை. "நம்ம வீட்டுக்கு எப்பப்பா வருவாங்க?" என்று தினமும் கேட்டாள். வரமாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று மழுப்பிக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா ஒரு தட்டு நிறையக் குவே பலகாரம் கொண்டுவந்தார். மலாக்காச் செட்டிகள் அவர்கள். இந்துக்கள்தான், ஆனால் வீட்டில் மலாய்ப் பேச்சு. இறந்துபோனவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து வாழையிலையில் படைப்பது அவர்கள் வழக்கம். தேங்காய்ப்பால் விட்டு அவித்த அந்தக் குவேயை என் மனைவி அவரிடம் கேட்டு வாங்கித் தின்பாள். பாட வருகிறவர்களுக்குக் கொடு என்று மலாயில் மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் துக்க மரியாதை அவருக்கு எப்படித் தெரியும்? மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு போய், வாசல் கேட்டைத் திறந்து வைத்து நின்றுவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரம். மழை விட்டிருந்தது. ஹார்மோனியமும் டோலக்கும் கேட்டன. என் பாட்டு.

"இடமில்லை என்ற ஊரிலே இடம் கேட்டு வந்தவரே..."

பக்கத்து வீட்டு வேலி வரைக்கும் கணீரென்று வந்தது. எங்கள் வேலி தொடங்கியதும், 'இடமில்லை என்ற ஊரிலே' என்பதோடு நின்றது. டோலக்கை அக்குளில் இடுக்கி, விளக்கைத் தாழ்த்தி, இருபது பேரும் செருப்புச் சத்தம்கூட எழாமல் எங்கள் வாசலைக் கடந்தார்கள். தட்டோடு நின்ற குழந்தையை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று நினைத்திருப்பார்கள். நல்ல மனிதர்கள்.

மகள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா பாட்டு எல்லா வீட்டுலயும் கேக்குது. நம்ம வீட்டுல மட்டும் ஏம்பா கேக்கக் கூடாது?"

வெறுங்காலோடு ரோட்டுக்கு ஓடினேன்.

"நில்லுங்கய்யா. வாயில என்ன கொழுக்கட்டையா? எவன் நிறுத்தச் சொன்னான்?"

உபதேசியார் மிரண்டுபோனார். "நீங்கதானேண்ணே சொன்னீங்க."

"கிறுக்கன் சொன்னா கேட்டுடறதா? புள்ள தட்டோட நிக்கிறா. வந்து, விட்ட எடத்துலேர்ந்து பாடுங்க."

வந்தார்கள், பாடினார்கள். இரண்டாம் சரணம் எப்போதும் என் மனைவி தனியாகப் பாடுவது. மற்ற வீடுகளில் அதை விட்டுவிட்டே வந்திருக்கிறார்கள். இங்கே ஹார்மோனியக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எழுதியவன் நான், நானோ தரையைப் பார்த்தேன். அப்போது மகள் எடுத்தாள். அடுப்படியில் நின்று கேட்டுக் கேட்டே பாடம் பண்ணியிருக்கிறாள். அவள் அம்மா மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கினாள். இருபது பேர் பார்க்க நான் அழுதேன். அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் கடவுளோடு சண்டை போடாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

மறுநாள் கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்ததும் பேனாவைத் தேடி எடுத்தேன். நாலு வரி எழுதி மகளிடம் நீட்டினேன். பக்கத்து வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள், பாடிப் பார்த்தாள். மூன்றாம் வரியில் நின்றாள்.

"கவிராயரே, மூச்சு முட்டுது," என்றாள்.

முறைத்துக்கொண்டே வெட்டினேன்.