பாலத்தில் கத்திய முன்பிரேக்

அந்த வருஷங்களில் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆனால் யாரும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. அப்பா பாபநாசத்து உரக்கடையில் வேலை முடித்து மோட்டார் பைக்கில் வரும்போது வாய்க்கால் பாலத்தின் திருப்பத்தில் பிரேக் போடுவார். முன்பிரேக் ஒரு கத்து கத்தும். பாலத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் வெறும் வயல்தான், சத்தத்தைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. யாரையோ கூப்பிடுகிற மாதிரி நீளமாக இழுத்து, கடைசியில் தொண்டை அடைத்துப்போன மாதிரி நிற்கும். அதைக் கேட்டதும் அத்தை எழுந்து கை கழுவப் போவாள். உண்மையைச் சொல்கிறேன், பல நாள் சத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே எழுந்துவிடுவாள். அப்போதெல்லாம் நான் அம்மா பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

அத்தை அப்பாவின் தங்கை. வண்டி அத்தை வீட்டு மாமாவுடையது. இருவரும் எங்கள் ஊரிலேயே அடுத்த தெருவில் இருந்தார்கள், பிள்ளைகள் இல்லை. எனக்குப் பத்து வயதானபோது, ஆற்றில் தண்ணீர் விட்ட புதிதில், வாய்க்கால் கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. மாமா வயலைப் பார்த்துவிட்டு வருகிற வழியில் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் படித்துறையில் கால் கழுவ இறங்கினார். சேற்றுக்காலோடு வீட்டுக்குள் வந்தால் அத்தை பிடிபிடி என்று பிடித்துக்கொள்வாள். அன்றைக்கும் பிரேக் கத்தியது. சத்தம் கேட்டு அத்தை தட்டில் சோற்றைப் போட்டு வைத்தாள். ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தபோது வண்டி ஸ்டாண்டு போட்டபடி, சாவி தொங்கிக்கொண்டு பாலத்தில் நின்றது. மாமா கீழ்மதகில் கிடைக்க இரண்டு நாள் ஆனது.

அதற்குப் பிறகு அத்தையையும் வண்டியையும் அப்பா எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வண்டியை விற்கக் கூடாது என்று மட்டும் அத்தை சொன்னாள். வேறு எதுவும் அவள் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. சாயங்காலம் பாலத்தில் பிரேக் கத்தியதும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடிவிட்டு வாசலுக்குப் போவாள். அப்பா வந்து இறங்குவார். அத்தை அவரைப் பார்க்க மாட்டாள், அவருக்குப் பின்னால் காலியாக இருக்கிற சீட்டைப் பார்ப்பாள். பிறகு உள்ளே போய், கொஞ்ச நேரம் அந்தத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்தச் சோற்றைத் தானே சாப்பிடுவாள். அந்த ஒரு வேளைதான் அவளுக்குச் சாப்பாடு.

எனக்கு அப்போது பதினோரு வயது. டியூஷன் இருக்கிற நாளில் அப்பாவோடு அந்த வண்டியில்தான் வருவேன். பாலத்தில் பிரேக் கத்தும்போது அந்த அதிர்வு சீட்டு வழியாக என் தொடைக்கு ஏறும். அப்பாவின் முதுகில் முகத்தை அழுத்திக்கொள்வேன். எனக்குப் பின்னால் கம்பிவரைக்கும் இடம் இருக்கும், ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. பயந்தாங்கொள்ளி என்றால் அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி.

பயந்தது நான் மட்டுமில்லை. அம்மா பூசணிக்காய் உடைத்தாள், எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கினாள், சத்தம் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவி ஹெட்லைட்டுக்குப் பொட்டு வைத்தாள். அதோடு விட்டிருந்தால் தேவலை. சத்தம் இங்கிருந்துதானே வருகிறது என்று, அய்யனார் கோயில் விளக்கெண்ணெயில் குங்குமத்தைக் குழைத்து முன்சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தட்டு முழுக்கப் பக்தியோடு பூசிவிட்டாள். மறுநாள் காலை பாலத்தில் பிரேக் கத்தவில்லை. பிடிக்கவும் இல்லை. வண்டி போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதி, அப்பா முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். இன்னும் ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால் வாய்க்காலில்தான் விழுந்திருப்பார். மாமா கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப்போய் இப்போது தள்ளிப் பார்க்கிறார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். அடுத்து அப்பாதான் என்று முடிவு கட்டி, போர்வைக்குள் அழுதேன்.

பாபநாசத்தில் மெக்கானிக் முன்சக்கரத்தைத் தூக்கிவைத்துக் கையால் சுழற்றி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். டிஸ்க் கோணியிருக்கிறதா என்று பார்த்தார், கோணவில்லை. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பேடைக் கழற்றி மோந்து பார்த்தார்.

“என்னண்ணே, பிரேக்குக்குத் தாளிச்சு வச்சிருக்கீங்க?”

எண்ணெய் குடித்த பேடு இனி உதவாது என்று புதுசு போட்டார். டிஸ்க்கைப் பெட்ரோலில் கழுவினார். பழைய சத்தத்துக்குக் காரணம் வேறு என்றார். பேடின் முதுகில் மெல்லிய தகடு ஒன்று இருக்க வேண்டுமாம். அது இல்லாவிட்டால் பேடு அதிர்ந்து கத்தும், ஆனால் பிடிப்பதில் குறை இருக்காது. எப்போதோ பேடு மாற்றினபோது யாரோ அதைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். கட்டைவிரல் அகலத்தில் ஒரு தகடு. அதை வைத்து மாட்டினார். வண்டி வாயைத் திறக்கவில்லை. ஒரு தகட்டுக்காகவா இத்தனை பூசணிக்காய் என்று அப்பா சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

அன்று சாயங்காலம் அப்பா வந்து இறங்கியதே யாருக்கும் தெரியவில்லை. அத்தை வாசலுக்கு வந்து நிற்கிற வண்டியைப் பார்த்தாள். முன்சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“வண்டி வந்துடுச்சு. சத்தத்தைக் காணுமேண்ணே.”

பிரேக்கைச் சரி பண்ணிவிட்டேன் என்று அப்பா சொன்னார். அத்தை தலையாட்டினாள். தட்டு எடுக்கவில்லை. இருட்டும்வரை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. அம்மா கெஞ்சினாள், திட்டினாள், ஊட்டக்கூடப் பார்த்தாள். அத்தை வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை, அதுவும் என்னிடம்.

“உங்க மாமா இன்னும் பாலத்துலதான் நிக்கிறாரா பாப்பா?”

 நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்தபோது அத்தை வீட்டில் இல்லை. அப்பா நேராகப் பாலத்துக்கு ஓடினார், நான் அவர் பின்னால் ஓடினேன். வெளிச்சம் வயலைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. அத்தை படித்துறையின் கடைசிப் படியில், முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். கையில் மூடி போட்ட சோற்றுத் தட்டு. அப்பா அதட்டவில்லை. மெதுவாக இறங்கித் தோளைப் பிடித்தார்.

“வந்துரும்மா. நாளைக்கு வந்துருவாரு.”

யார் வருவார் என்று அவர் சொல்லவில்லை. அத்தை திரும்பி அவரோடு படியேறினாள். ஈரப்புடவையிலிருந்து தண்ணீர் ரோடு முழுக்கச் சொட்டிக்கொண்டே வந்தது. நான் அந்த ஈரத்தை மிதிக்காமல் நடந்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா என்னை ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார்.

“பிரேக்கு நல்லாப் பிடிக்கணும் தம்பி. ஆனா முன்ன மாதிரி சத்தம் வரணும்.”

சிரிப்பார் என்று நான் மெக்கானிக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.  அவர் ஸ்பேனரை எடுத்து, பேடைக் கழற்றி, அந்தத் தகட்டை உருவி அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். அப்பா அதைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

“பத்திரமா வச்சிரும்மா. ஒருநாள் வேணும்.”

பாலத்தில் அப்பா பிரேக்கைப் பிடித்தார். பழைய கத்து அப்படியே வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, என் பின்னால் இருந்த காலி இடத்திலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி அப்பாவை ஒட்டிக்கொண்டேன். வீட்டு வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தாள். அப்பாவைத் தாண்டி, என்னையும் தாண்டிச் சீட்டைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். அவள் கை கழுவுகிறவரை அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றார்.

எனக்கு ஆத்திரமான ஆத்திரம். ஒழுங்காக இருந்ததை மறுபடி கெடுத்து, பேயைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாரே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எங்கப்பாவுக்குப் பேய் என்றால் பயம் என்று வகுப்பில் சொல்லிச் சிரித்தேன். அந்தத் தகடு என் ஜியோமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஆறாவது முடிந்து ஏழாவது வந்தது, பிறகு எட்டாவதும் வந்தது. சாயங்காலமானால் பாலத்தில் பிரேக் கத்தியது, அத்தை சாப்பிட்டாள், அப்பா என்னிடம் தகட்டைக் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.