மதகு தாங்காது

பாபநாசத்துக்குத் தெற்கே ஓர் ஊர். ஊருக்கு நடுவே வாய்க்கால், வாய்க்காலின் மேல் பாலமாக ஒரு மதகு. இந்தப் பக்கம் கோயிலும் மேலத்தெருவும். அந்தப் பக்கம் நெடுமாறன் பிறந்த தெரு. வைகாசித் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து யானை வரும். மேலத்தெருவில் வீடு வீடாக நின்று பழமும் வெல்லமும் வாங்கிக்கொண்டு, மதகுவரை நடந்து வந்து, திரும்பிவிடும்.

ஏன் என்று கேட்டால் எல்லாத் தலைமுறைக்கும் ஒரே பதில்தான்.

“மதகு தாங்காதுப்பா. யானை பாரம்.”

அந்த மதகின் மேல் செங்கல் லாரி போனது, கரும்பு ஏற்றிய டிராக்டர் போனது. இப்போது நெடுமாறனின் நெல் அறுக்கும் மிஷின் போகிறது. அதன் எடை இரண்டு யானைக்குக் குறையாது. மேலத்தெருக்காரர்களின் வயலில் இறங்க வேண்டுமென்றால் அது மதகைத் தாண்டித்தான் வரவேண்டும். அப்போதெல்லாம் மதகு தாங்கிவிடும்.

நெடுமாறனின் அப்பா அதே வயல்களில் கூலிக்குக் கதிர் அறுத்தவர். மகன் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்தான். யாரோ ஓட்டிக் கழித்த மிஷினை வாங்கிப் பிரித்துப் பூட்டி, சொந்தமாக ஓட்ட ஆரம்பித்தான். அறுவடைக் காலத்தில் அவன் போன் ஓயாது. மேலத்தெருப் பெரியவர்கள்கூட “என்ன தம்பி, எப்ப வருவ?” என்று இறங்கிக் கேட்பார்கள். மிஷினை விட்டு இறங்கினால் குடிக்கத் தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வரும்.

பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் இருந்தவர்கள் இருவர். மேலத்தெரு பஞ்சநதம் ஒருவன், பாபநாசம் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அஸார் இன்னொருவன். பாபநாசம் டீக்கடையில் மூவரும் ‘டா’ போட்டுத்தான் பேசுவார்கள். ஊருக்குள் மட்டும் நெடுமாறன் பஞ்சநதத்திடம் ‘டா’வும் சொல்லாமல் ‘ங்க’வும் சொல்லாமல் ஒரு மாதிரி வாக்கியத்தை மழுப்பி முடித்துக்கொள்வான். அது பஞ்சநதத்துக்குத் தெரியும். தெரிந்தும் ஒருநாளும் கேட்டதில்லை.

சம்பா அறுப்பு முடிந்த கையோடு மூவரும் தாய்லாந்து போனார்கள். ஏற்பாடு அஸார். அங்கே ஒரு யானை முகாம். வண்டியிலிருந்து இறங்கிய பஞ்சநதம், அருகே நின்ற யானையைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“டேய், காதுக்குப் பின்னாடி பாருங்கடா. அங்குசத்தால குத்திக் குத்திப் புண்ணாக்கி வச்சிருக்கான். ஈ மொய்க்குது.” அவன் கண்கள் நிஜமாகவே கலங்கிவிட்டன. “நான் ஏறமாட்டேன். வாயில்லா ஜீவன்டா.”

“டிக்கெட் எடுத்தாச்சு மாப்ள. நீ அழுதா திருப்பிக் குடுப்பானா?” என்றான் அஸார். காலையில்தான் அவன் சங்கிலியில் கிடந்த புலியின் முதுகைத் தடவிப் படம் எடுத்துக்கொண்டான். “அந்தப் புலிக்கு என்னத்தக் குடுத்து வச்சிருக்கானுங்களோ, எங்க மாமனார் மாதிரி தூங்குது.” சிரிக்கப் பார்த்தான், முழுதாகச் சிரிப்பு வரவில்லை.

புண்ணை நெடுமாறனும் பார்த்தான். ஆனால் அந்த வயதுவரை அவன் யானையைத் தொட்டதில்லை. அவன் பார்த்த யானைகளுக்கெல்லாம் பின்புறம்தான் இருந்தது. மதகுக்கு அவன் தெருப் பக்கம் நின்று பார்த்தால் அதுதான் தெரியும்.

ஏறிவிட்டான். பாகன் அதே புண்ணில் கொக்கியை மாட்டி இழுத்தான். யானையின் தோல் நடுங்கியதை நெடுமாறன் தன் தொடையில் உணர்ந்தான். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கிறதே என்று அருவருப்பாகவும் இருந்தது. அஸார் படம் எடுத்தான், நெடுமாறன் அதற்குப் பல்லைக் காட்டினான்.

“எப்படிடா மனசு வருது உனக்கு?” என்று கீழேயிருந்து கத்தினான் பஞ்சநதம்.

“எங்க தெருவுக்கு ஒரு யானை வந்திருந்தா, நான் ஏண்டா இவ்வளவு தூரம் வந்து ஏறப்போறேன்?”

பஞ்சநதத்துக்கு முகம் செத்துவிட்டது. திருவிழாக் கமிட்டியில் அவன் இப்போது முக்கியமான ஆள். அன்று சாயங்காலம் கடற்கரையில், நெடுமாறன் பாதி தின்று வைத்த மீனைத் தன் தட்டுக்கு எடுத்துக்கொண்டே சொன்னான்.

“இந்த வருஷம் யானை உங்க தெருவுக்கு வரும்டா. நானே கூட்டிட்டு வரேன். எவன் என்ன கேக்குறான்னு பாத்துடுவோம். என் புள்ள மேல சத்தியம்.”

நெடுமாறனுக்குச் சாமியும் கிடையாது, யானையின் ஆசியும் வேண்டாம். யானை மதகைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஊர் திரும்பியதும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான்.

அவன் மனைவி பூவிழி மட்டும் நம்பவில்லை. “வந்து என்னங்க ஆவப்போவுது? வந்தா லத்திதான் போடும்.”

“போடட்டுமே. நம்ம தெருவுலயும் போடட்டும்.”

திருவிழா அன்று தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள். நம்பாத பூவிழியின் கோலம்தான் பெரிது. நெடுமாறன் ஒரு முழு வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு மதகின் முனையில் நின்றான். தெரு மொத்தமும் அவன் பின்னால் நின்றது.

மேளத்தோடு யானை வந்தது. மதகுக்கு முன்னால் நின்றது. கமிட்டிக்காரர்கள் பின்னால் நிற்க, பட்டு வேட்டியில் பஞ்சநதம் மட்டும் மதகில் பாதி தூரம் வந்தான்.

“நெடுமாறா, தப்பா எடுத்துக்காத. யானைக்குக் கால்ல புண்ணு. இதுக்கு மேல நடக்கவிட்டா பாவம். நீதான் அங்க கண்ணால பாத்தியே, எவ்வளவு கொடுமன்னு. வாயில்லா ஜீவன்…”

வெளிநாட்டிலிருந்து சென்ட்டும் சாக்லேட்டும் வாங்கி வருவார்கள். பஞ்சநதம் இரக்கத்தை வாங்கி வந்திருந்தான். பாட்டன் காலத்தில் மதகுக்குப் பாரம், பேரன் காலத்தில் யானைக்கு நோவு. சாக்கும் படித்து முன்னேறிவிட்டது.

நெடுமாறன் தோளிலிருந்த தாரை இறக்கி முன்னால் நீட்டினான். வாழைப்பழ வாசனைக்கு யானையின் தும்பிக்கை நீண்டது. முன்னங்காலைத் தூக்கி மதகின் மேல் வைத்தது. மதகு தாங்கியது.

பாகன் பதறிப்போய் அங்குசத்தை ஓங்கி இறக்கினான். காதுக்குப் பின்னால் அப்பியிருந்த சந்தனம் உதிர்ந்தது. அடியில் அதே புண். யானை பிளிறிக்கொண்டு காலை எடுத்தது, பழத்தை விட மனமில்லாமல் மறுபடி வைத்தது. மறுபடி இறங்கியது அங்குசம். பஞ்சநதம் பார்த்துக்கொண்டுதான் நின்றான். அவன் கண் கலங்கவில்லை.

பழத்தைக் கையில் வைத்திருக்கும்வரை அது அடிவாங்கும் என்று நெடுமாறனுக்கு உறைத்தது. தாரை அப்படியே வாய்க்காலில் எறிந்தான்.

“அதான் தாய்லாந்துல யானை மேலயே ஏறிப் படம் எடுத்துட்டல்ல, அப்புறம் என்ன?” என்று மேலத்தெருக் கூட்டத்திலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள்.

கால் புண்ணான யானை, மேலத்தெருவின் இன்னொரு சிறகில், எதிர்வரிசையில், மிச்சமிருந்த வாசல்களுக்கெல்லாம் போய் நின்று தும்பிக்கையைத் தூக்கியது. அங்கே யாரும் பாவம் என்று சொல்லவில்லை. நெடுமாறனின் தெரு அதன் பின்புறத்தைப் பார்த்தது. பூவிழி ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கோலத்தின் மேல் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் பஞ்சநதம் போன் செய்தான். அவனுடைய கோடை நெல் முற்றி நின்றது.

“டேய், மிஷினைக் கொண்டாந்துடுடா. மானம் கறுத்துக் கெடக்கு.”

நெடுமாறன் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தான். ஊருக்குள் நின்றுகொண்டு முதல்முறையாக அந்த ‘டா’வைச் சொன்னான்.

“மதகு தாங்காதுடா.”

“வெளையாடாதடா. நெல்லு போயிடும்.”

“மிஷின் பாரம்.”

வேறு மிஷின் தேடித் திருத்துறைப்பூண்டி வரைக்கும் போன் போட்டிருக்கிறான் பஞ்சநதம். அது வருவதற்குள் மழை வந்துவிட்டது. வெறித்த பிறகு நெடுமாறன் மதகுவரை நடந்து போனான். எதிரே, அவன் அப்பா அறுத்த பஞ்சநதத்தின் வயல். கதிரெல்லாம் சாய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. பஞ்சநதத்தை நினைத்து அவனுக்குத் துளியும் வருத்தமில்லை. நெல்லைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. அது ஒரு குற்றமும் செய்யவில்லை. யானையும்தான் செய்யவில்லை.

பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டான்.