வாட்ச்மேன்தான் கொலைகாரன்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். துப்பறியும் தொடரின் கடைசி எபிசோடைத் திட்டி ரசிகர் குரூப்பில் போட வேண்டியதை, நேற்று எங்கள் கூடுவாஞ்சேரி ஃப்ளாட் குரூப்பில் போட்டுவிட்டேன்.

"வாட்ச்மேன்தான் கொலைகாரன். அந்த முழியைப் பார்த்த அன்னைக்கே தெரியும். த்தூ!"

நான் அழிப்பதற்குள் எல்லோரும் படித்தாகிவிட்டது. எங்கள் வாட்ச்மேன் தங்கராசு உட்பட.

இன்று காலை அவர் கேட்டைத் திறக்கவில்லை.

"இன்னா சார், நான் யாரக் கொன்னேன்? பி பிளாக் அம்மா என்னை நம்பி சாவியே குடுக்க மாட்டேங்குது. என் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!"

"ஐயோ, அது டிவி சீரியல்ப்பா!"

"அத்த குரூப்ல போடு சார். அப்பதான் கேட்டு தெறக்கும்."

பின்னால் மூன்று கார்கள் ஹாரன் அடிக்க, பைக்கில் உட்கார்ந்தபடியே தட்டினேன்: "நம் தங்கராசு உத்தமர். கொலைகாரன், தொடரில் வரும் வாட்ச்மேன்."

உடனே பி பிளாக் அம்மாவின் பதில் வந்தது: "நான் இன்னும் பார்க்கல. முடிவைச் சொல்லிட்டீங்களே, நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

தங்கராசு படித்துவிட்டுக் கேட்டைத் திறந்தார். முகத்தில் கோபம் போய் ஏளனம் வந்திருந்தது.

"அந்த வாட்ச்மேனும் கொல்லல சார். டாக்டருதான் கொன்னுகீறாரு. கடசி பத்து நிமிசம் நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை. கோபத்தில் அதற்கு முன்பே டிவியை அணைத்திருந்தேன்.