தொட்ட சிப்பாய்

எங்கள் லிஃப்ட் மெக்கானிக்குக்கு வேலையிடத்தில் ‘ராணி’ என்று பட்டப்பெயர். சதுரங்கத்தில் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று மூன்றாவது நகர்விலேயே ராணியை நடுப்பலகையில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்.

அந்தத் தொடக்கம் அவருடைய அண்ணன் சொல்லிக் கொடுத்தது. அண்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. தினமும் வேலை முடிந்ததும் கட்டிலருகே பலகை. தம்பி வெள்ளை, அண்ணன் கறுப்பு. இரண்டையும் நகர்த்துவது தம்பியின் கைதான். வெள்ளை ராணி வந்து நின்றதும் அண்ணன், “என் ராணிக்கு முன்னாடி இருக்கிற சிப்பாய், ஒரு கட்டம்” என்பார். வேறு பதிலே கிடையாது. பிறகு தோற்பார். “இதையே போட்டியில ஆடி ஒரு கோப்பை கொண்டாடா, அது போதும் எனக்கு.”

போன மாதம் அண்ணன் இறந்துபோனார். தம்பி அழவில்லை. வேலைக்கு வந்தார், கேட்டால் பதில் சொன்னார், கொடுத்தால் சாப்பிட்டார், தானாக எதையும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஊரில் நடந்த சதுரங்கப் போட்டிக்கும் அப்படித்தான் வந்தார். மரக்கட்டை மாதிரி உட்கார்ந்தே கடைசிச் சுற்றுவரை ஜெயித்துவிட்டார். இதையும் ஜெயித்தால் கோப்பை.

எதிரில் ஒரு பல் டாக்டர். வெள்ளை ராணி நடுவில் வந்து நின்றது. டாக்டர் யோசித்து, அதை மிரட்டுகிற இடத்தில் குதிரையை வைத்தார். நம் ஆள் ராணியை நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, டாக்டரின் ராணிக்கு முன்னால் இருந்த கறுப்புச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார்.

“சார், அது என் காய்,” என்றார் டாக்டர்.

நடுவர் வந்தார். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடிகிறபோது வெட்டியே ஆக வேண்டும். அதை வெட்ட முடிந்தது ராணியால் மட்டும்தான். வெட்டினால் ராணி போய்விடும்.

“ஏதோ ஞாபகத்துல தொட்டுட்டார், விட்டுடலாமே,” என்றார் டாக்டர். நல்ல மனுஷன்.

“வேணாம் சார். தொட்டது தொட்டதுதான்,” என்றார் நம் ஆள்.

சிப்பாயைப் பழைய இடத்தில் வைத்து, ராணியால் வெட்டினார். டாக்டர் மனமில்லாமல் அந்த ராணியை எடுத்துக்கொண்டார். அதன்பிறகு ஆட்டம் ஒப்புக்கு நடந்து முடிந்தது. எனக்குத்தான் ஆறவில்லை.

வீடுவரை கூடப் போனேன். அண்ணி கதவைத் திறந்து, “என்ன தம்பி, ஜெயிச்சீங்களா?” என்றார்.

“இல்ல அண்ணி. அண்ணன் ஜெயிச்சிட்டான்.”

அண்ணி என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தம்பி ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். காலியான கட்டிலைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பசிக்குது அண்ணி,” என்றார்.