நான் எண்ணாமல் விட்ட முட்டுகள்

மூன்றாம் மாடியில் மூன்று பேர் ஒரு சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று டன் எடையுள்ள அந்தச் சுவரை ஒரே ஒரு முட்டுதான் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு இருந்திருக்க வேண்டும்.

ஷா ஆலம் பக்கத்துக் கட்டட சைட் ஒன்றில் வேலை அட்டவணை போடும் பிளானராக நான் சேர்ந்து அப்போது ஐந்து மாதம். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வேலை நிரந்தரமாகும் கடிதம் அடுத்த மாதம் வரவேண்டும். அதைச் சாமி மேடையில் வைக்க அம்மா இடம்கூடப் பார்த்துவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வீடுகளின் சுவர்கள் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டு லோரியில் வரும். அவை பேனல்கள். கிரேன் தூக்கி நிறுத்தியதும் அடியில் கிரௌட் என்னும் சிமென்ட் கலவை ஊற்றுவோம். அது இறுகும்வரை ஒவ்வொரு பேனலையும் இரண்டு சாய்ந்த இரும்பு முட்டுகள் தாங்க வேண்டும். சைட்டில் அதற்குப் பெயர் புரோப். இன்று நிறுத்திய பேனலின் புரோப்பை நாளை மறுநாள் காலையில்தான் கழற்றலாம்.

ஒரு நாளைக்குப் பதினான்கு பேனல் ஏறிக்கொண்டிருந்தது. புரோஜெக்ட் மேனேஜர் தேவன் சார் என்னைக் கூப்பிட்டார்.

"கிரேன் பாதி நேரம் சும்மா நிக்குது தம்பி. பதினெட்டு ஏத்தலாமா, முடியாதா? படிச்சவன்தானே, சொல்லு."

கிரேன் நேரத்தைக் கணக்கிட்டேன். ஆட்களையும் லோரிகளையும் கணக்கிட்டேன். "முடியும் சார்" என்றேன். வெள்ளைப் பலகையில் 18 என்று பெரிதாக எழுதினேன்.

புரோப்பை எண்ணவில்லை. சைட்டில் இருந்தவை அறுபது. பதினான்கு பேனல் என்றால் இரண்டு நாளுக்கு ஐம்பத்தாறு போதும். பதினெட்டு என்றால் எழுபத்திரண்டு வேண்டும்.

பதினெட்டு தொடங்கிய இரண்டாம் நாள் மாலை, ஏறிய பேனல்களைப் படம் எடுக்க மேலே போனபோதுதான் அந்த மூவரையும் பார்த்தேன். கிள்ளான் பக்கம் வானம் கறுத்து, காற்று கிளம்பியிருந்தது. கையை ஆட்டினேன். "தூருன், தூருன்" என்று மலாயில் கத்தினேன். மழைக்குப் பயந்து இறங்கச் சொல்கிறேன் என்று நினைத்து மூவரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள்.

பேனல் ஏற்றும் குழுவின் சூப்பர்வைசர் சேகர் அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, ஒத்தப் புரோப்புல நிக்குது."

"தெரியும்லா. எட்டுப் பேனல் அப்படித்தான் நிக்குது. இன்னும் ரெண்டு ஏறுனா, அதுக்கும் வேற ரெண்டுல இருந்து உருவணும், பன்னெண்டு ஆயிரும்."

"ஏன்ணே சொல்லல?"

"பதினெட்டுன்னு எழுதுனது நீ. எழுதுனவனுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போகுதுன்னு இருந்துட்டேன்."

தேவன் சாருக்குப் போன் போட்டேன்.

"கிரேனை நிறுத்தணும் சார்."

"எத்தனை ஏறியிருக்கு?"

"பதினாறு."

"ரெண்டுதானே பாக்கி. ஏத்திட்டு நிறுத்து."

சாமி மேடையில் அம்மா பார்த்துவைத்த இடம் நினைவுக்கு வந்தது. "புரோப் இல்ல சார். தப்பு என்னோடது. நிறுத்துறேன்."

"நிறுத்து. நாளைக்கு ஆபீஸ் வந்து பேசு."

மழை ஒரு மணி நேரம் அடித்தது. எல்லாரும் தள்ளி நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் விழவில்லை.

மழை விட்டதும் சேகர் அண்ணனும் நானும் ஏறினோம். அந்த மூவர் சாய்ந்திருந்த சுவரின் புரோப்பில், அடித்தகட்டைப் பிடித்திருந்த போல்ட் தரையிலிருந்து எழும்பியிருந்தது. தகட்டுக்கு அடியில் என் சுண்டுவிரல் போனது. அண்ணனும் குனிந்து தன் விரலை விட்டுப் பார்த்தார்.

கடிதம் மூன்று மாதம் தள்ளிப்போனது. புதிய புரோப்கள் வந்தபின் பதினெட்டும் ஏறியது. வேகம் கேட்பவர்கள் கிரேனையும் ஆளையும் பற்றித்தான் கேட்பார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். இப்போது என் அட்டவணையில் முதல் வரியே புரோப்தான்.

பலகையில் எண்ணை எழுதும் முன் மாடியேறி ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணுகிறேன். "என்ன தம்பி, ஏதாச்சும் ஓடிப்போயிருச்சா?" என்று சேகர் அண்ணன் கீழேயிருந்து கத்துவார். நான் அடுத்த புரோப்பைத் தொடுவேன். பேசினால் எண்ணிக்கை விட்டுப்போகும்.