கையில் வந்த காமாலை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு, என் கல்லீரல் கரைந்து உள்ளங்கை வழியாக வெளியே ஒழுகுகிறது என்று நான் உறுதியாக நம்பினேன்.

சிரிக்காதீர்கள். ஐம்பத்திரண்டு வயதுக்காரன் நம்புவதற்கு இதைவிட மோசமான விஷயங்கள் எவ்வளவோ இருக்கின்றன.

பாலக்கோடு பக்கம் என் மைத்துனன் செந்திலுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி. நானும் என் மனைவி சுமதியும் தர்மபுரியிலிருந்து முதல் பஸ் பிடித்து, சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனோம். அன்று முகூர்த்த நாள். பறிக்க வர வேண்டிய எட்டுப் பேரில் ஐந்து பேர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். பழமோ சிவந்து நிற்கிறது. பத்து மணிக்குள் வண்டி கிளம்பினால்தான் மார்க்கெட்டில் ஏலத்தைப் பிடிக்கலாம். ஒரு நாள் விட்டால் பெட்டியிலேயே சாறு.

"நான் பறிக்கறேன் மாப்ள" என்றேன் வீரமாக.

செந்தில் என்னை மேலும் கீழும் பார்த்தான். "செடிய ஒடிக்காம இருந்தாப் போதுங்க மாமா."

இரண்டு மணி நேரத்தில் நான் இரண்டு பெட்டி. பக்கத்துச் சாலில் பறித்த மாதம்மா ஏழு பெட்டி. என் வயதுதான் இருக்கும் அவருக்கு. "அண்ணா, பழத்தப் பறிங்க. அதுகிட்ட பேசிட்டு நிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

பசித்தது. சுமதி கட்டி வந்த தயிர்சோறு வரப்பில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி தூரம். கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு ஒரு வாய் வைத்தேன்... கசப்பு. வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி. இரண்டாவது வாய் — இன்னும் கசப்பு.

"சோறு கசக்குது சுமதி."

அவள் ஸ்பூனில் எடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்குது?"

அப்படியென்றால் கோளாறு சோற்றில் இல்லை... வாயில்!

யோசித்தபடி தொட்டிக்குப் போய்க் கையில் சோப்புப் போட்டேன். நுரை மஞ்சளாக வந்தது. சாதாரண மஞ்சள் இல்லை — பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் கோடு போடும் ஹைலைட்டர் மஞ்சள். இன்னொரு முறை தேய்த்தேன். இன்னும் மஞ்சள். வெள்ளைத் துண்டில் துடைத்தேன். துண்டும் மஞ்சள்.

வாய்க் கசப்பு. மேலே மஞ்சள். கூட்டிப் பார்க்க டாக்டர் வேண்டுமா என்ன?

எங்கள் பக்கத்தில் காமாலைக்கு எல்லாருமே டாக்டர்கள். சிறுநீரில் சோற்றுப் பருக்கையைப் போட்டு வைத்து, அது மஞ்சளாகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். கையில் சோறு இருந்தது. ஆனால் அது தயிர்சோறு. பரிசோதனையைக் கைவிட்டேன்.

அடுத்து ஒரு பயம். இந்தக் கையால்தானே இரண்டு பெட்டி பறித்தேன்? நாளைக்கு எந்தெந்த ஊர் ரசத்தில் என் காமாலை கொதிக்கப் போகிறதோ! இனி எதையும் தொடக் கூடாது என்று இரண்டு கையையும் துண்டில் சுற்றிக்கொண்டு, "எனக்குக் காமாலை" என்று அறிவித்துவிட்டுப் புங்க மரத்தடியில் போய்ப் படுத்துவிட்டேன். கையை யாருக்கும் காட்டவில்லை. காட்டியிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இருந்திருக்காது.

சுமதி என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். "செவப்பாத்தான் இருக்குது. விடிய விடிய ஃபோன நோண்டுனா வேற எப்படி இருக்கும்?"

"உள்ளுக்குள்ள எறங்கிருச்சு சுமதி. எனக்குத் தெரியுது."

செந்தில் எதுவும் கேட்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க மாமா. முன்னால உக்காருங்க."

"உக்கார முடியாது மாப்ள. படுக்கணும்."

இருந்தது ஒரே வண்டி — தக்காளி ஏற்றிய அந்தக் குட்டி லாரிதான். அவன் பின்னால் ஏறி, ஏற்றிய பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்க ஆரம்பித்தான். மணி ஒன்பது ஐம்பது.

"ஏலம் போயிருமே செந்திலு" என்றேன், படுத்தபடியே.

"போனா அடுத்த பறிப்பு இருக்குதுங்க மாமா. நீங்க பேசாமப் படுங்க."

அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்திருக்க வேண்டும் நான். உட்காரவில்லை.

கடைசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாதம்மா வந்தார். "ஏன் பொட்டிய எறக்குறீங்க?"

"மாமாவுக்குக் காமாலைங்க."

மாதம்மா என்னைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, "கைய நீட்டுங்கண்ணா" என்றார்.

நீட்டினேன். அவரும் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டினார். என் உள்ளங்கை பாதி கழுவிய பச்சை. அவருடையது, தார் பூசிய மாதிரி கரும்பச்சை.

"இது காமாலைன்னா, நான் செத்து நாலு வருசம் ஆவுதுங்கண்ணா."

வெடித்த தக்காளி ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் பிழிந்து, பாத்திரம் தேய்ப்பது போலத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினார். என் பழைய கை திரும்பி வந்தது. "செடிக் கறையோட சோத்தப் பெசஞ்சா கசக்காம இனிக்குமா?"

சுமதி வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள். செந்தில் சிரிக்கவில்லை. கீழே நின்ற பெட்டிகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் எழுந்து பெட்டிகளை ஏற்றத் தொடங்கினேன்.

ஆனால் சந்தேகம் மட்டும் விடவில்லை. பழம் சிவப்பு, இலை பச்சை — மஞ்சள் எங்கிருந்து வந்தது?

ஒரு கொப்பைக் கிள்ளி வீட்டுக்குக் கொண்டுவந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தண்டு முழுக்கப் பூனைமுடி! சில முடிகளின் நுனியில் ஊசிமுனை அளவு குமிழ், பளபளவென்று. அதற்குள்தான் பசையும் மஞ்சள் சத்தும் இருக்கின்றனவாம். தொட்டால் உடையும். விரலில் ஒட்டிக் காயக் காயக் கறுக்கும். சோப்புக் காரம் பட்டால் மஞ்சளாக விழித்துக்கொள்ளும். தக்காளியின் புளிப்புப் பட்டால் பிடியை விடும். கறையை வைத்த செடியே கறை நீக்கியையும் பழத்துக்குள் வைத்திருக்கிறது, பாருங்கள்.

எதற்கு இந்தப் பசை? நான் கிள்ளி வந்த தண்டில் ஒரு வெள்ளை ஈ இருந்தது. சோற்றுப் பருக்கையில் பாதி அளவுகூட இல்லை. கால்கள் பசையில் மாட்டி, இறக்கை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. செடியால் ஓட முடியாது, அடிக்க முடியாது, சத்தம் போட முடியாது. ஆகவே உடம்பு முழுக்கப் பொறி வைத்துக்கொண்டு நிற்கிறது. மேலே வந்து உட்காருகிறவன் ஈயா, தர்மபுரிக்காரனா என்று அது பார்ப்பதில்லை.

வண்டி கடைசி ஏலத்தைப் பிடித்துவிட்டது. தக்காளி விற்றுவிட்டது. என் கல்லீரல் நலம். நடந்தது இவ்வளவுதான்: ஒருவன் கை கழுவாமல் தயிர்சோறு சாப்பிட்டான்; அதற்காகப் பதினெட்டுப் பெட்டித் தக்காளி ஒரு முறை இறங்கி ஏறியது.