மூன்று முரட்டு ராஜாக்கள்

கம்ப்யூட்டரில் நம்மோடு மோதுகிறவன் எவ்வளவு முரடனாக இருக்க வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்று சித்தப்பா சொன்னபோது நான் நம்பவில்லை. எதிரியின் கோபத்தை நம்மிடமே கேட்டு வைத்துக்கொள்ளும் ஓர் இடம் உலகத்தில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் உடப்புசல்லாவைப் பக்கம். சித்தப்பா நுவரெலியாவில் ரேடியோ, டிவி திருத்தும் கடையில் வேலை செய்தார். யாரோ வேண்டாமென்று விட்டுப்போன ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சரிசெய்து, பள்ளி விடுமுறையில் தோட்டத் தொழிலாளர் வீடுகள் ஒட்டி வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்தார். தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தோம். அதில் ஒரே ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு பெரிய தீவு, அதில் நான்கு ராஜ்ஜியங்கள். நீலம் நமக்கு. சிவப்பு, பச்சை, மஞ்சள் ராஜாக்களைக் கம்ப்யூட்டரே நடத்தும். நாம் நம் வீரர்களை நகர்த்தி முடித்து ஒரு பொத்தானை அழுத்தினால், மற்ற மூவரும் வரிசையாகத் தங்கள் முறையை ஆடுவார்கள். பிறகு மறுபடி நம் முறை. தொடங்கும்போதே ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும். அந்த ராஜாக்கள் எப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும்? சாது, நடுத்தரம், முரடு என்று சித்தப்பா அதற்குத் தமிழ் சொன்னார்.

என் அக்கா அந்த வருடம்தான் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். நுவரெலியாவில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா விடவில்லை. அவர் நுவரெலியா மரக்கறிச் சந்தையில் லொறிகளுக்கு மூட்டை ஏற்றுபவர். அங்கே கத்தினால்தான் காரியம் நடக்கும் என்பதால் வீட்டிலும் அதே குரல்தான். பொம்பளைப் பிள்ளை தனியாக பஸ்ஸில் போய்வருவதா என்று அவர் கேட்டது மேல் லயம் வரைக்கும் கேட்டது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா எதுவும் சொல்லவில்லை. அம்மா பொதுவாகவே எதுவும் சொல்வதில்லை. அதனால் எங்கள் வீட்டில் தடையாக இருப்பவர் அப்பா ஒருவர்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா முதலில் சாது ராஜாக்களோடுதான் ஆடினாள். ஆடினாள் என்பதைவிட உறவு கொண்டாடினாள் என்பதே சரி. எங்கள் லயத்தில் தீபாவளிக்குப் பலகாரத் தட்டு எல்லாக் காம்பராவுக்கும் போகும், சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிற வீட்டுக்கும் போகும். போன தட்டு வெறுமையாகத் திரும்பாது. வேறொன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியையாவது போட்டுக் கொடுப்பார்கள். அந்த விளையாட்டிலும் பக்கத்து ராஜாவுக்கு நெல்லும் இரும்பும் அனுப்ப வழி இருந்தது. அக்கா ஒவ்வொரு முறையும் மூவருக்கும் அனுப்பினாள். பதிலுக்கு ஏதாவது வரும் என்று நாங்கள் இருவரும் காத்திருந்தோம். நன்றி என்று மட்டும் எழுத்து வந்தது. அவர்கள் சண்டைக்கு வரவில்லை என்பதால் அவள் எல்லையில் ஆளும் வைக்கவில்லை. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், அக்கா அனுப்பிய இரும்பில் செய்த வேல்களோடு, மூன்று சாதுக்களும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். மறுநாளும் அப்படியே நடந்தது.

நான் அழுதேன். அக்கா அழவில்லை. இரண்டு நாள் அவள் விளையாடவே இல்லை. ராஜாக்களை மட்டும் ஆடவிட்டு, தன் முறை வந்ததும் பொத்தானை அழுத்திவிட்டு, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாதுவை மாற்றி முரடு வைத்தும் பார்த்தாள். அவள் அவ்வளவு நேரம் எதையும் வெறித்துப் பார்த்து நான் கண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை சித்தப்பா அப்பாவைச் சீண்டினார். "அண்ணே, புள்ள இந்த மூனு பேரையும் ஜெயிச்சிட்டா, வகுப்புக்கு அனுப்புறீங்களா?" என்று கேட்டார். பந்தயம் என்றால் அப்பாவால் சும்மா இருக்க முடியாது. பக்கத்துக் காம்பரா மாமாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, ஜெயித்தால் திங்கட்கிழமையே போகட்டும், தோற்றால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை சித்தப்பாவே எழுந்து போய் விளையாட்டைத் தயார் செய்தார். முரடு வைத்திருக்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அக்காவைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. சித்தப்பா உண்மையில் வைத்திருந்தது சாது. அக்கா திரையைப் பார்த்தாள், தொடக்கக் கேள்விக்குத் திரும்பிப் போய், முரட்டையே வைத்தாள். சித்தப்பா பதறி அவள் பக்கம் குனிந்தார். என்ன செய்கிறாய் என்று அவள் காதில் கேட்டார்.

"சாதுங்க தங்களுக்குள்ள சண்டையே போட மாட்டாங்க சித்தப்பா," என்றாள் அக்கா மெதுவாக. "படையச் சேத்துக்கிட்டே இருந்து, கடைசில ஒன்னா வருவாங்க. முரடங்க அப்புடி இல்ல. அவங்களுக்கு என்னைய மட்டும் இல்ல, யாரையுமே புடிக்காது."

அன்று அவள் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. தன் ஆட்கள் எல்லோரையும் எல்லையில் நிறுத்திவிட்டு அசையாமல் இருந்தாள். சிவப்பு முதல் ஆளாக வந்து மோதிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. திரும்பிய வழியில் பச்சையின் ஊர் காலியாக இருப்பதைக் கண்டு அதற்குள் நுழைந்தது. பச்சை விடுமா? அது சிவப்பின் தலைநகரைத் தேடிப் போனது. மஞ்சள் இருவர் மேலும் பாய்ந்தது. வேடிக்கை பார்க்க எங்கள் வீட்டுக் கதவருகே நின்ற லயத்துக்காரர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். பக்கத்துக் காம்பரா மாமா, "இது நம்ம தண்ணி புடிக்கிற பீலிக்கரைச் சண்டை மாதிரில்ல இருக்கு. தண்ணிக்கு மொதல்ல நின்னது நீயா நானான்னு மத்தவங்க முடியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க, நம்ம புள்ள வாளிய நெரப்பிக்கிட்டு வருது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மஞ்சள் ராஜா தன் கடைசி வீரனையும் பச்சையைப் பிடிக்க அனுப்பிய அந்த முறையில்தான், அக்கா முதல் தடவையாக எல்லையைத் தாண்டினாள். மஞ்சளின் தலைநகரில் காவலுக்கு ஒருவரும் இல்லை. பிறகு எல்லாம் சுலபமாக முடிந்தது. இத்தனை வருடம் கழித்தும், அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்த அவளுடைய பொறுமையை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. நானாக இருந்தால் முதல் அடி விழுந்ததுமே ஓடிப்போய் மோதியிருப்பேன்.

அப்பா எழுந்து நின்று கை தட்டினார். தோற்றவர் தான் என்பதையே மறந்துவிட்டார். வெளியே இறங்கி, தன் மகள் நாளைக்கே கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள் என்று லயத்துக்கே அறிவித்தார். சித்தப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார்.

அக்காவை மட்டும் காணோம். தேடிக்கொண்டு போனேன். அடுப்படியில் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து மாவை உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"கதவுக்குப் பின்னால இருக்க கொழுந்துக் கூடைக்குப் புதுக் கயிறு போட்டிருக்கீங்களே," என்றாள். "எனக்குத்தானாம்மா?"

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

"நாளைக்குக் காலையில வேலைக்குப் பேரு எடுக்குற பெரட்டுல, கொழுந்து பறிக்கன்னு கணக்கப்பிள்ளைகிட்ட ஒம் பேரச் சொல்லலாம்னு இருந்தேன். எம் முட்டி இன்னும் எத்தன நாளைக்கு மலை ஏறும்? தோட்டத்துல நம்ம வீட்டுப் பேரு ஒன்னு இல்லாட்டி, இந்தக் காம்பராவுல நம்மள இருக்க விடுவாங்களா?"

"வகுப்பு ஆறு மாசந்தாம்மா. அதுக்கப்புறம் வேல கெடைக்காட்டி நானே கூடையத் தூக்குறேன்."

அம்மா வெந்த ரொட்டியை எடுத்து வைத்தார். அடுப்புக்குள் விறகைத் தள்ளினார். அக்காவும் அவசரப்படுத்தவில்லை, அடுத்த உருண்டையை எடுத்து வைத்துவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, ஆறு மாசம்," என்றார் அம்மா. "அது வரைக்கும் ஏறிப் பாக்குறேன்."

அக்கா அம்மாவின் முழங்கால் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஜெயித்த பிறகும் ஏன் இவள் இப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அங்கே எதுவும் நடக்கவில்லை என்று நினைத்து, அப்பாவின் சத்தம் கேட்ட பக்கம் ஓடினேன்.